ஜனாஸா அறிவித்தலில் சொல்லப்படாத வயது

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வரும்போது பெயரைச் சொல்வார்கள். யாருடைய கணவர், யாருடைய வாப்பா, நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில் என்பதையெல்லாம் சொல்வார்கள். வயதை மட்டும் சொல்வதில்லை. அதை நாங்கள் பிறகு ஒருவரிடம் ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

கடந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு அறிவித்தல்கள் வந்தன. முதலாவது ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். எனக்கும் படிப்பித்தவர். வயது 84. இரண்டாவது, கரைவலைக்குப் போகும் கூலித் தொழிலாளி. எனது வகுப்பில் தரம் 10 இல் படிக்கும் மாணவனின் வாப்பா. வயது 47. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். சிறு வயதில் ஒரே மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம்.

இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய்தான். எங்கள் ஊரில் 'சீனி' என்று சொல்லும் நீரிழிவு. இருவரும் ஒரே ஆதார வைத்தியசாலையில் ஒரே கிளினிக்குக்குப் போனவர்கள். இருவருக்கும் எழுதிக் கொடுத்த வில்லைகூட ஒன்றுதான். அதற்கு இருவரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதிபர் அந்த நோயோடு இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். மற்றவருக்குக் கிடைத்தது ஒன்பது வருடங்கள்.

மையவாடியிலிருந்து திரும்பும்போது பக்கத்தில் வந்தவர் சொன்னார்: "ஆயுள் அவ்வளவுதான் சேர், நாம என்ன செய்யிற?" இன்னொருவர், "மனிசன் உடம்பக் கவனிக்கல்ல" என்றார். முதலாவதை நானும் நம்புகிறேன். ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டு இடைவழியில் திரும்பிய உமர் (ரழி) அவர்களின் சம்பவம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே போவதாக உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமாக உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது கத்ர்தான் என்ற உவமையையும் சொன்னார்கள். அந்த உவமையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது: ஒருவனுக்குப் பசுமையான பக்கம் போக வழியே இல்லையென்றால்?

இரண்டாமவர் சொன்ன 'கவனிக்கல்ல' என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த மாணவனின் வீட்டுக்குப் போனபோது அவனது உம்மா கிளினிக் கொப்பியைக் காட்டினார். முதல் இரண்டு வருடங்கள் திகதி தவறாமல் இருந்தது. பிறகு இடைவெளிகள். எந்த மாதங்களில் இடைவெளி என்று பார்த்தால், அவை மீன் படும் காலம். கிளினிக் நாளென்றால் விடியற்காலையில் போய் நம்பர் எடுக்க வேண்டும், வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும், வைத்தியரைக் கண்டு மருந்து எடுத்து வெளியே வரும்போது பகல் ஒரு மணியாகும். அன்றைய வலைப் பங்கு இல்லை. மருந்து இலவசம்தான், ஆனால் அந்த நாளின் விலையை அவர் கொடுத்தார். அதிபரை மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவார். அவர் கிளினிக்குக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஓய்வூதியம் திகதிக்கு வங்கியில் விழும்.

சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டச் சொல்லி இருவருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வலை இழுப்பவன் சோற்றைக் குறைத்தால் கயிற்றைப் பிடிக்க முடியாது. கடற்கரையில் ஒரு பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பது ருசிக்காக அல்ல; அந்த விலைக்கு உடம்பில் தெம்பு தரும் வேறு பொருள் அங்கே இல்லை. நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது வைத்தியத்தில் முதல் பாடம், ஏனென்றால் காலில் உணர்ச்சி குறைந்து, காயம் பட்டாலும் தெரியாது. கரைவலைக்காரர் செருப்போடு வலை இழுத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவருக்குக் காலில் ஏதோ குத்தியது. சிப்பியோ, மீன் முள்ளோ, அவருக்கே தெரியவில்லை. வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போனபோது உடனே வார்டில் தங்கச் சொன்னார்கள். முதலாளியிடம் வாங்கிய முற்பணத்துக்குக் கணக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு நாள் கேட்டு வெளியே வந்தார். திரும்பிப் போனது ஆறாம் நாள். முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இதில் அவர் கவனிக்காதது எது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். அவர் மிகக் கவனமாகக் கணக்குப் பார்த்த மனிதர். அந்தக் கணக்கில் அவருடைய கால் கடைசியாக வந்தது.

இப்படியான மரணங்களைப் பற்றி உலகத்தில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு அது அறிமுகமானது ஆசிரியர் கலாசாலையில். அங்கே எங்களுக்குச் சுகாதாரக் கல்வி படிப்பித்த விரிவுரையாளர், கரும்பலகையில் இங்கிலாந்து அரச ஊழியர்களைப் பற்றிய ஓர் ஆய்வை எழுதிப் போட்டார். 1967 இல் லண்டனில் ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகத்தர்களை எடுத்துக்கொண்டு தொடங்கியது அது. 'வைட்ஹோல் ஆய்வு' என்று சொல்வார்கள். எல்லோரும் அரச ஊழியர்கள், மாதச் சம்பளம் வாங்குபவர்கள், அரசின் இலவச வைத்திய சேவை கிடைப்பவர்கள். யாரும் பட்டினி கிடப்பவர் அல்ல. அப்படியிருந்தும் பதவித் தரத்தில் மிகக் கீழே இருந்த ஊழியர்கள் மாரடைப்பினால் இறந்த வீதம், மிக மேலே இருந்தவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது.

இதில் முக்கியமானது மூன்று மடங்கு என்ற கணக்கு மட்டுமல்ல. மேலிருந்து இரண்டாவது படியில் இருந்தவர்கூட முதலாவது படியில் இருந்தவரைவிடக் கூடுதலாக இறந்தார். மூன்றாவது படி அதைவிடக் கூடுதல். ஏணி போல ஒவ்வொரு படியும். புகைத்தல், குருதி அமுக்கம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. 1985 இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு விடயம் துலங்கியது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாத ஊழியருக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. எப்போதும் இன்னொருவரின் மணிக்கும் முகத்துக்கும் பயந்து வாழும் உடம்பு அந்தப் பாரத்தை எங்கேயோ காட்டத்தான் செய்யும்.

அந்த ஆய்வுகளை நடத்திய மைக்கல் மார்மட் என்ற பேராசிரியரைத்தான் உலக சுகாதார நிறுவனம் பிறகு ஓர் ஆணைக்குழுவுக்குத் தலைவராக்கியது. 2008 இல் வந்த அதன் அறிக்கையில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. கால்டன் என்ற வறிய பகுதியில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்க்கை 54 வருடம். சில மைல் தள்ளி லென்ஸி என்ற வசதியான பகுதியில் 82. இடையில் 28 வருடம். எங்கள் ஊரில் நான் கண்ட இரண்டு ஜனாஸாக்களுக்கும் இடையில் இருந்தது 37.

'சரி, நாடு பணக்கார நாடானால் இதெல்லாம் தீர்ந்துவிடும்' என்று ஒருவர் சொல்லலாம். எங்கள் நாட்டின் வரலாறே அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. 1934-35 இல் மலேரியா வந்தபோது இந்தத் தீவில் 80,000 பேர் அளவில் மாண்டார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மூத்தம்மாமார் பிள்ளைப்பேறு நெருங்கும்போது எல்லோரிடமும் 'பொருத்தம்' கேட்டு வைத்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. அவர்களுக்குக் காரணம் இருந்தது. 1946 இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 141 குழந்தைகள் முதலாவது வயதைக் காணவில்லை.

இன்று தாய் மரணம் ஒரு இலட்சத்துக்கு 30 அளவில். குழந்தை மரணம் ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கத்தில். 2016 இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே தந்துவிட்டது. இவ்வளவும் நாங்கள் செல்வந்த நாடானதால் நடக்கவில்லை. நாடு வறுமையில் இருந்தபோதே மரணம் குறைந்தது. அதனால்தான் 1985 இல் 'குறைந்த செலவில் நல்ல சுகாதாரம்' என்ற தலைப்பில் வெளிவந்த சர்வதேச ஆய்வொன்று இலங்கையையும், கேரளா, கொஸ்டாரிக்கா, சீனாவையும் எடுத்துப் படித்தது.

எப்படி நடந்தது என்று கேட்டால் டிடிடி மருந்து என்பார்கள். அதுவும் உண்மைதான். 1946 இற்கும் 1947 இற்கும் இடையில் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஒரே வருடத்தில் 14 ஆகக் குறைந்ததில் அந்த மருந்துக்குப் பங்கிருக்கிறது. ஆனால் அதற்கு 20 வருடம் முன்பே, 1926 இல், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. மருத்துவமாது வீடு வீடாகப் போகத் தொடங்கியது அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. வைத்தியசாலைகள் கிராமங்களுக்குப் போயின. மருந்தும், சோறும், பாடசாலையும் ஒன்றாக வந்தன. எதற்கு எவ்வளவு பங்கு என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். உலகத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆனால் 1946 இல் இலங்கையில் ஆணின் ஆயுள் எதிர்பார்க்கை 44 அளவில், பெண்ணுக்கு 42 அளவில். 1960களின் நடுப்பகுதியில்தான் பெண்கள் முந்தினார்கள். இன்று ஆறு வருடத்துக்கு மேல் முந்தி நிற்கிறார்கள். அந்த இருபது வருடத்தில் என்ன நடந்தது? பிரசவம் பாதுகாப்பானது. அதோடு பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள்.

அவுஸ்திரேலியப் பேராசிரியர் ஜோன் கால்ட்வெல் 1986 இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு மனம் வலித்தது. மறைக்காமல் எழுதுகிறேன். வருமானத்தை வைத்துப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட மரணம் குறைவாக உள்ள நாடுகளை அவர் ஒரு பக்கம் பட்டியலிட்டார். இலங்கையும் கேரளாவும் அதில் முன்னால். வருமானம் இருந்தும் மரணம் கூடுதலாக உள்ள நாடுகளை மறுபக்கம் போட்டார். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகள். எண்ணெய் வளமுள்ள சவூதி அரேபியா, ஓமான், லிபியா, ஈராக் எல்லாம் அதில் இருந்தன. வித்தியாசத்துக்கு அவர் கண்ட பெரிய காரணம் பெண்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள், தாங்களாக முடிவெடுத்து வீட்டை விட்டு வெளியே வர முடிகிறதா என்பதுதான்.

இதைப் படித்துவிட்டு 'பாருங்கள், மார்க்கம்தான் தடை' என்று சொல்பவர்களும் உண்டு. பதில் அதே பட்டியலில் இருந்த ஓமானில் இருக்கிறது. 1970 இல் அந்த முழு நாட்டிலும் மூன்றே மூன்று பாடசாலைகள் இருந்தன. படித்தவர்கள் எல்லோரும் ஆண்பிள்ளைகள். ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு 200 அளவில். அதன் பிறகு அவர்கள் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை கட்டினார்கள், கிராமம் தோறும் சுகாதார நிலையம் வைத்தார்கள். இன்று அந்த எண் பத்தளவில். 2010 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித் திட்டம், அதற்கு முந்திய 40 வருடங்களில் உலகிலேயே மிக வேகமாக முன்னேறிய நாடாக ஓமானைத்தான் குறிப்பிட்டது. ஈரானும் கிராமத்துப் பிள்ளைகளையே பயிற்றுவித்துக் கிராமச் சுகாதார இல்லங்களில் நியமித்துத் தன் நிலையை மாற்றிக்கொண்டது. மார்க்கம் அதேதான். மாறியது பாடசாலைதான்.

உம்மா படித்திருந்தால் பிள்ளை ஏன் பிழைக்கிறது? பாடசாலையில் நாங்கள் வைத்தியம் படிப்பிப்பதில்லை. ஓர் ஆசிரியனாக நான் காண்பது வேறு. தரம் 7 இல் கையை உயர்த்திக் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, 25 வயதில் வைத்தியரிடம் 'இந்த மருந்து எதற்கு?' என்று கேட்கிறது. கிளினிக் கொப்பியை வாசிக்கிறது. திகதியை விளங்கிக்கொள்கிறது. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் கட்டாரிலிருக்கும் கணவனின் அழைப்புக்காகக் காத்திருக்காமல் முச்சக்கர வண்டியைப் பிடிக்கிறது. எங்கள் பகுதியில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் முன்னால், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி. நெஞ்சு 'கொதிக்குது' என்பதற்கும் 'அடைக்குது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே காணாமல் போய்விடுகிறது. அந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் இருக்கலாம். நான் உம்மாவோடு போன ஒருநாள், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்காக மொழிபெயர்த்தது வார்டைத் துப்புரவு செய்யும் ஊழியர். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக.

நம்பிக்கையும் ஒரு மருந்துதான். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டு, 2021 பெப்ரவரி இறுதியில் அது நீக்கப்படும்வரை எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. காய்ச்சல் வந்தவர்கள் நோயைவிட வைத்தியசாலைக்குப் பயந்தார்கள். மூச்சு முட்டும்வரை வீட்டிலேயே வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பதிவில் இருக்கிறது. பயத்தால் தாமதித்து இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

இது எங்களுடைய பிரச்சினை மட்டும் என்று நினைப்பது தவறு. 2016 இல் எடுத்த தேசிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு பிள்ளைகள் நாட்டில் 17.3 வீதம். தோட்டப் பகுதிகளில் 31.7 வீதம். அங்கும் கிளினிக் இலவசம், திரிபோஷா இலவசம்.

பிறகு 2022 வந்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. வறுமையில் உள்ளவர்கள் ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமாகக் கூடியதாக உலக வங்கி மதிப்பிட்டது. எனக்கு அந்த எண்கள் தேவைப்படவில்லை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் விழுந்தார்கள். ஒருநாள் ஒரு பெண்பிள்ளையிடம், 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்டேன். 'இண்டைக்கு தம்பிட நாள் சேர்' என்றது. அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டை நாள் மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பசி வயிற்றில் மட்டும் நிற்பதில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போசாக்குக் குறைந்த உடம்புக்கு நடுத்தர வயதில் சீனியும் பிரஷரும் இலேசாக வருகின்றன என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 47 வயதாகும்போது நான் இருக்கமாட்டேன்.

எங்களால் என்ன முடியும் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டும் என்பதும், எல்லாவற்றையும் பள்ளிவாசல் செய்யட்டும் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. கிளினிக்கை மாலையிலும் நடத்தும்படி கேட்பது அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது. வாரத்தில் ஒருநாள் நடத்தினாலும் கூலித் தொழிலாளிக்குப் போதும். ஆனால் எங்கள் ஸகாத் பணத்தில் சத்திரசிகிச்சைக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம்; காலை எடுத்த பிறகு சக்கர நாற்காலி கொடுத்து அதைப் படமும் எடுக்கிறோம். கிளினிக் நாளில் இழந்த ஒருநாள் கூலியைக் கொடுக்கலாமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு சோடி செருப்பின் விலை என்ன? ஃபகீர், மிஸ்கீன் என்று பெயர் சொல்லப்பட்டவர்களுக்குள் அந்த மனிதர் அடங்கமாட்டாரா என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். இந்த யோசனையை எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'பார்ப்போம் சேர்' என்றார்கள். ஆறு மாதமாகிறது.

அந்த மாணவன் வாப்பா வபாத்தாகி நாற்பது நாள் முடிய முன்பே வலைக்குப் போகத் தொடங்கினான். நானும் வகுப்பிலிருந்த இரண்டு பிள்ளைகளும் கடற்கரைக்குப் போய்ப் பேசி, அவனது மாமாவிடமும் பேசி, திரும்பக் கூட்டி வந்தோம். காலில் செருப்பில்லாமல்தான் நின்றான். அவனது தங்கை தரம் 8. கெட்டிக்காரி. அவளை நிறுத்திவிட்டுத் தையலுக்கு அனுப்பலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உம்மாவுக்கும் பிரஷர். செவ்வாய்க்கிழமை கிளினிக். விடியற்காலையில் நம்பர் எடுக்க அவன்தான் போகிறான். உம்மா வந்து சேர்ந்த பிறகு அங்கிருந்து நேரே பாடசாலைக்கு ஓடி வருவான். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் எனது வகுப்பு வரவு இடாப்பை இரண்டாம் பாடவேளை முடியும்வரை மூடுவதில்லை.